நண்டு பிடிப்போர் வரை: கற்பிட்டி சைமன் காசிச்செட்டியைத் தேடி

துணி விற்பவர்கள். பவளத்துக்குச் சுழியோடுபவர்கள். கப்பலோட்டிகள். முத்துச் சிப்பிக்குச் சுழியோடுபவர்கள் தனி, சங்குக்குச் சுழியோடுபவர்கள் தனி. துணிப்பொதி கட்டுபவர்கள். ஆமை பிடிப்போர், ஓங்கில் பிடிப்போர், சுறா பிடிப்போர். பல்லக்குத் தூக்குவோர். தலைவரோடு நிற்கும் சேவகர்கள். கடைசியாக, நண்டு பிடிப்போர்.

பரதவர் சமூகத்துக்குள் இருந்த பிரிவுகள் பற்றிய பழைய பட்டியல் இது. போன வருசம் சாதியும் தொழிலும் பற்றி ஒரு அசைன்மென்ற் எழுதேக்கை, எட்கார் தேர்ஸ்டன் தொகுத்த தென்னிந்தியச் சாதிகள் பற்றிய 7 பாகப் புத்தகத்தில் இதைக் கண்டோம். 1909 இல் வந்த புத்தகம். தேர்ஸ்டன் சென்னை அரும்பொருட்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். சனங்களின்ரை தலையையும் மூக்கையும் கருவி வைச்சு அளந்து திரிஞ்ச மனுசன். ஆனால் இந்தப் பட்டியல் அவருடையது இல்லை. இன்னொருவருடைய கட்டுரையில் இருந்து எடுத்திருந்தார், எடுத்த இடத்தையும் சொல்லியிருந்தார். அந்த இன்னொருவரின் பெயர் சைமன் காசிச்செட்டி.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். மூலக் கட்டுரை 1837 இல் லண்டன் றோயல் ஏசியாற்றிக் சொசைற்றியின் சஞ்சிகையில் வந்திருக்கிறது. எழுதியவர் புத்தளம் மணியகாரர். அந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிண்டு யோசிச்சம். சூயஸ் கால்வாய் திறப்பதற்கு 32 வருசத்துக்கு முந்திய காலம். கடிதம் ஒண்டு பாய்க்கப்பலில் ஏறினால் ஆபிரிக்காவின் அடிமுனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகும். அப்பிடியான காலத்தில் புத்தளத்தில் இருந்த ஒரு தமிழ் உத்தியோகத்தர், மன்னார்க் கடலின் இரண்டு கரையிலும் வாழ்ந்த ஒரு சமூகம் எங்கிருந்து வந்தது, என்ன தொழில் செய்யுது எண்டு எழுதி லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார். அப்ப அவருக்கு வயசு 30.

எங்களில் ஒருத்தி கரையோரக் கிராமத்துப் பிள்ளை. அவளின்ரை அப்பா நண்டுத் தொழில் செய்யிறவர். பட்டியலை வாசித்துவிட்டு அவள் கேட்ட கேள்வி ஒண்டுதான். "நண்டு பிடிக்கிறவை எண்டு எழுதியிருக்கு. சரி. எப்பிடிப் பிடிச்சவை எண்டு ஏன் எழுதேல்லை?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் இந்த மனிதரை வாசித்தோம் எண்டு முதலே சொல்லி வைக்கிறம்.

காசிச்செட்டி பிறந்தது 1807 இல், கற்பிட்டியில். வரைபடத்தில் பார்த்தால் புத்தளத்துக்கு மேலே ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வாவியுமாக நீண்டு கிடக்கிற மெல்லிய நிலம் அது. ஒல்லாந்தர் 17 ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை அங்கே இப்பவும் நிற்கிறது. அவர் பிறக்கும்போது ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்து 11 வருசம்தான். கண்டி இன்னும் விழவில்லை. பக்கத்தில் புத்தளத்து உப்பளங்கள், வடக்கே மன்னார் முத்துச்சலாபம், தெற்கே கொழும்பு வரை போன ஒல்லாந்தர் கால வாய்க்கால். தமிழ் பேசுகிற கத்தோலிக்கர், சோனகர், சிங்களவர், கொழும்புச் செட்டிகள், பரதர், முக்குவர் எல்லாரும் ஒரு சின்ன இடத்துக்குள். யாழ்ப்பாணத்தை நடுவில் வைத்துத் தமிழ் வரலாறு வாசித்துப் பழகிய எங்களுக்கு இந்த இடம் விளிம்பாகத் தெரியும். அங்கே பிறந்தவருக்கு அது விளிம்பாகத் தெரிந்திருக்காது. வள்ளம் வந்து போகிற துறையில், நாலு மொழி காதில் விழுகிற இடத்தில் வளர்கிற பிள்ளைக்கு, இவை ஆர், எங்கையிருந்து வந்தவை எண்டு கேட்கிறது மூச்சு விடுகிற மாதிரி இயல்பாக வந்திருக்கும் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

இளவயதிலேயே அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்தார். பிறகு புத்தளத்துக்கு மணியகாரர். மணியகாரர் எண்டால் வரி, காணி, வழக்கு, கிராமத்துத் தலைமைக்காரர் எல்லாம் வந்து சேருகிற இடம். துரைக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள். அந்த வேலையைச் செய்துகொண்டே, 1834 இல், 27 வயதில், 'சிலோன் கசற்றியர்' எண்ட பெரிய புத்தகத்தை வெளியிட்டார். கோட்டையில் இருந்த சேர்ச் மிஷன் அச்சகத்தில் அச்சானது. கொழும்புக் கோட்டை இல்லை, ஜயவர்தனபுரக் கோட்டை.

கசற்றியர் எண்டால் என்ன எண்டு எங்களுக்கும் முதலில் சரியாக விளங்கவில்லை. இலங்கையில் இருக்கிற மாவட்டம், பட்டினம், முக்கியமான ஊர், துறைமுகம், ஆறு, குளம் எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றைப் பற்றியும் தெரிந்ததை எழுதுகிற புத்தகம். அதோடு சனங்களின் பழக்கவழக்கம், விவசாயம், வியாபாரம், கைத்தொழில், வருமானம், சமயம் எல்லாம் சேரும். இப்ப நாங்கள் கூகிளில் ஒரு ஊரின் பெயரை அடித்தால் வருகிறதை அந்தாள் ஒரு மேசையில் இருந்து, கடிதத்திலும் கந்தோர்ப் பதிவேட்டிலும் கேள்விச் செவியிலும் தேடிச் சேர்த்திருக்கிறார். நாடு முழுவதற்கும் முறையான சனத்தொகைக் கணக்கெடுப்பு 1871 இல்தான் வந்தது. புத்தகம் அதுக்கு 37 வருசம் முந்தியது.

வருசத்தையும் கவனிக்க வேணும். கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் 1833 இல் வந்தது. அதுவரைக்கும் கண்டிக்கு ஒரு நிர்வாகம், கரையோரத்துக்கு ஒரு நிர்வாகம். அதற்குப் பிறகுதான் முழுத்தீவும் 5 மாகாணமாகப் பிரிக்கப்பட்டு ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. இலங்கை எண்டது ஒரே அலகாகக் காகிதத்தில் உருவான அடுத்த வருசமே, அந்த அலகுக்குள் என்னென்ன இருக்கு எண்டு ஒரு தமிழர் பட்டியல் போட்டுவிட்டார். அகரவரிசைக்கு ஒரு நல்ல குணம் இருக்கு, அது பெரிய ஊர் சின்ன ஊர் பார்க்காது. அரசனின் தலைநகரும் மீன்பிடிக் கிராமமும் எழுத்துப்படி பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். கெட்ட குணமும் இருக்கு. ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு கட்டி வைத்திருக்கிற உறவு எல்லாம் அதில் அறுந்துபோகும்.

கசற்றியருக்குப் பிறகு மனுசன் நிற்கவேயில்லை. 1837 இல் பரதவர். அதே வருசம் ஜோர்ஜ் ரேணர் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் வெளியிடுகிறார். 1841 இல் காசிச்செட்டி, விஜயன் வந்து இறங்கியதாகச் சொல்லப்படுகிற தம்மென்ன நுவர எங்கே இருந்தது, அதன் இடிபாடுகள் எவை எண்டு அதே லண்டன் சஞ்சிகையில் எழுதுகிறார். கொழும்பில் 1845 இல் றோயல் ஏசியாற்றிக் சொசைற்றியின் கிளை தொடங்கியதும் அந்தச் சஞ்சிகையில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். தொடக்க காலத்தில் இருந்து ஒல்லாந்தர் கைப்பற்றும் வரைக்குமான யாழ்ப்பாண வரலாறு. ஒரு விகாரையின் கல்வெட்டு. சிங்களச் சமூகத்தில் அடிமட்டத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த றொடியர். இதுக்கு நடுவில் 1848 இல் இலங்கையில் கத்தோலிக்க திருச்சபையின் வரலாறு பற்றி ஒரு தனி நூல்.

யாழ்ப்பாண வரலாற்றுக் கட்டுரையை எங்கள் ஆட்கள் கனபேர் கவனிக்கிறதில்லை. யாழ்ப்பாண வைபவமாலையை பிறிற்றோ ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 1879 இல். அதுக்கு 30 வருசத்துக்கு முந்தியே கற்பிட்டிக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்தின் கதையை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். விஜயன் கட்டுரையோ இன்றைக்கு வாசிக்க ஒரு மாதிரியாக இருக்கும். எங்கள் தலைமுறைக்கு விஜயன் கதை எண்டால் அரசியல். யார் முதலில் வந்தது எண்ட சண்டை. காசிச்செட்டிக்கு அது தன் கந்தோர் எல்லைக்குள் கிடக்கிற காட்டுக்குள் இருக்கக்கூடிய ஒரு பழைய ஊர். ஊர் எங்கே எண்டு பார்க்கிறார், அவ்வளவுதான். இதை நாங்கள் பெருமைப்படுத்தவும் இல்லை. சண்டை தொடங்கமுதல் பிறந்தவருக்கு அந்தச் சுதந்திரம் சும்மா கிடைத்தது.

விஞ்ஞானப் பக்கத்தில் அவர் எழுதிய ஒண்டு எங்களை உண்மையில் பிடிச்சு வைச்சது. கொழும்புச் சஞ்சிகையில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தமிழரின் இயற்கை வரலாற்று முறை: ஒரு சுருக்கம்' எண்டு வரும். தமிழருக்கு இத்தனை மிருகப் பெயர் தெரியும், இத்தனை மரப் பெயர் தெரியும் எண்டு அவர் சொல்ல வரவில்லை. தமிழருக்கு ஒரு 'முறை' இருக்கு எண்டு சொல்கிறார். புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை இரண்டறிவு எண்டு தொடங்கி ஐம்புலன் வழியாக உயிர்களை வகுக்கிற ஒரு பாகுபாடு தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. தொல்காப்பிய மரபியலில் இருக்கு, அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த நன்னூலிலும் இருக்கு. நாங்கள் அதை ஓஎல் தமிழில் மனப்பாடம் செய்து கடதாசியில் கொட்டிவிட்டு வந்த ஆட்கள். அதை விலங்கியலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் எண்டு ஒரு ஆசிரியரும் சொல்லேல்லை, எங்களுக்கும் தோன்றேல்லை. 'தமிழ் வேறை, விஞ்ஞானம் வேறை' எண்டு ஏஎல் பிரிவு தெரிவு செய்யிற அண்டைக்கே எங்களைப் பிரிச்சுப்போட்டினம். காசிச்செட்டியின் காலத்தில் அந்த வேலி இல்லை. டார்வின் அவரை விட இரண்டு வயசு இளையவர். டார்வினின் பெரிய புத்தகம் வந்த 1859 இல்தான் காசிச்செட்டியின் பெரிய புத்தகமும் வந்தது. அதற்குக் கீழே வருவம்.

அவருடைய கட்டுரைகளில் இப்ப வாசிக்கிறதுக்கு ஒண்டை எடு எண்டால் நாங்கள் எடுக்கிறது சீறாப்புராணக் கட்டுரை. உமறுப்புலவர் 17 ஆம் நூற்றாண்டில் நபிகளின் வாழ்க்கையைப் பாடிய தமிழ்க் காவியம் அது. சோனகரின் இந்தப் பெரிய வரலாற்றுக் காவியத்தில் என்ன இருக்கு எண்டு 1850களின் தொடக்கத்தில் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்கிறார். எழுதியவர் கிறிஸ்தவர், நூல் இஸ்லாமிய நூல், மொழி தமிழ், வெளியிட்டது ஆங்கிலேயர் தொடங்கிய சங்கம். 30 வருசம் கழித்து, 1880களில், பொன்னம்பலம் இராமநாதன் அதே சங்கத்தில் சோனகர் இனத்தால் தமிழரே எண்டு வாதிட்டுக் கட்டுரை வாசித்தார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907 இல் மறுப்பு எழுதினார். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை எண்டு எங்கள் முஸ்லிம் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஒருவர், நீங்கள் ஆர் எண்டு அவைக்கே சொல்லப் போகிறார். மற்றவர், அவை போற்றி வைத்திருக்கிற புத்தகத்தை முதலில் வாசிக்கிறார்.

1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சனங்கள் எடுத்துக்கொண்டு போகக்கூடியதுக்கும் அளவு வைத்தார்கள். போன சனத்தில் மிகப் பெரிய பகுதி போய்ச் சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும், அதாவது காசிச்செட்டியின் ஊருக்கு. நாங்கள் பிறக்க முந்தி நடந்த விசயம். எங்களுக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. இந்தக் கட்டுரைக்காகத் தேடேக்கைதான் திகதி திகதியாக வாசித்தோம்.

இனி மற்றப் பக்கம். எங்களுக்குள் சண்டை வந்த பக்கம்.

காசிச்செட்டி தமிழரின் சாதி, வழக்கம், இலக்கியம் பற்றித் தொடராக எழுதியவை 1934 இல் ஒரு புத்தகமாக வந்தன. அதில் சாதிகள் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எங்களில் ஒருவன் அதை மூடி வைத்துவிட்டுச் சொன்னான்: "உந்தாள் துரைமாருக்குத் தகவல் பொறுக்கிக் குடுத்தவர். அவ்வளவுதான்." அதில் பிழை இல்லை. மணியகாரருக்குச் சம்பளம் குடுத்தது அரசாங்கம். எந்த ஊரில் எந்தச் சாதி, என்ன தொழில், எவ்வளவு வருமானம் எண்டு தெரிந்தால் வரி அறவிடலாம், ஆளலாம். அவருடைய கசற்றியரை எமர்சன் ரெனன்ற் தன்னுடைய இலங்கைப் புத்தகத்தில் ஆதாரமாகக் காட்டுகிறார். ரெனன்ற் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்தவர். பரதவர் பட்டியல் 70 வருசம் கழித்து மூக்கு அளந்தவரின் புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இடையில் ஒருத்தரும் போய்ச் சனத்தைக் கேட்கவில்லை. ஒருக்கா எழுதப்பட்ட பட்டியல் கல்லாகிப் போச்சு. 1837 இல் ஆமை பிடித்தவர் 1909 இலும் ஆமைதான் பிடித்துக்கொண்டு நிற்கிறார், காகிதத்தில்.

ஆனால் 'அவ்வளவுதான்' எண்டதை நாங்கள் ஏற்கவில்லை. துரைக்குத் தகவல் பொறுக்குகிறவருக்குச் சீறாப்புராணம் என்னத்துக்கு? எந்தக் கலெக்டர், ஓரறிவுயிர் ஈரறிவுயிர் கேட்டவர்? வேலைக்குத் தேவையானதை விட நூறு மடங்கு கூட அவருக்கு அறிய ஆசை இருந்தது. அந்த ஆசைக்குக் கிடைத்த கருவிதான் கந்தோர்க் கருவி: பட்டியல், அகரவரிசை, வகுப்பு. எங்கட தோழி கேட்ட கேள்வி அந்த இடத்தில்தான் குத்துது. நண்டு பிடிப்போர் எண்ட வகுப்பு கிடைத்ததும் பேனா அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அந்த மனிதரின் கையில் இருந்த அறிவு அந்தப் பட்டியலுக்குள் வருகிறதுக்கு ஒரு கட்டம் இல்லை.

இன்னொரு விசித்திரம். 1838 முதல் 1845 வரை காசிச்செட்டி சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்தார். அவர் கொழும்புச் செட்டி. இன்றைக்குச் சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைச் செட்டி தனி இனம்; பரதரும் தனி இனம். 1838 இல் ஒரு செட்டி தமிழர் எல்லாருக்குமாக ஆசனத்தில் இருந்தார், பரதவரின் வரலாற்றையும் எழுதினார். கோடுகள் எங்கே விழும் எண்டு அப்ப இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கோடுகளைப் போடுகிற வேலையில் அவரும் ஒரு கை குடுத்தார் எண்டதையும் மறைக்கேலாது.

அவர் எழுதினதில் பெரும்பகுதி ஆங்கிலம். எங்களைப் பற்றி எழுதினார், எங்களுக்கு எழுதவில்லை. இதை ஒரு குற்றச்சாட்டாக எழுதி வைத்துக்கொண்டு இருக்கேக்கைதான் 'உதயாதித்தன்' கண்ணில் பட்டது.

1841 இல் காசிச்செட்டி ஒரு தமிழ்ப் பத்திரிகை தொடங்கினார். மாதப் பத்திரிகை, பெயர் உதயாதித்தன். உதிக்கிற சூரியன். அதே வருசம் ஜனவரி 7 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் ஆட்கள் உதயதாரகையைத் தொடங்கினார்கள். விடிவெள்ளி. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டின், செத் பேசன். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் எண்டு நினைக்காதேங்கோ, இரண்டு பேரும் எங்கட ஊர்ப் பெடியள், மிஷன் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பெயர் வைக்கப்பட்டவர்கள். ஒரே வருசத்தில் வெள்ளியும் சூரியனும். வெள்ளி நிலைத்தது, அதற்குப் பின்னால் மிஷனின் அச்சகம் இருந்தது, பள்ளிக்கூடங்கள் இருந்தன, அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்து வந்த வாசகர்கள் இருந்தார்கள். சூரியனுக்குப் பின்னால் ஒரு தனிமனிதர். அது நீடிக்கவில்லை.

ஆக, எழுதிப் பார்த்திருக்கிறார். 34 வயதில், சபை உறுப்பினராக இருக்கேக்கை, தன்னுடைய மொழியில் ஒரு பத்திரிகையை நடத்தப் பார்த்திருக்கிறார். லண்டனில் அவரை வாசிக்க ஆட்கள் இருந்தார்கள். தமிழில் ஒரு பத்திரிகையைத் தாங்குகிற அளவுக்கு ஆட்கள் சேரவில்லை. நாங்கள் ஒரு சின்னக் குழுவாக இதை எழுதி ஏத்துகிற ஆட்கள். 40 பேர் வாசித்தால் சந்தோசப்படுகிற ஆட்கள். அதால இந்த ஒரு பந்தியை எழுதேக்கை மட்டும் எங்களுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கிச்சுது.

கடைசியாக 1859. 'தமிழ் புளூராக்'. கிரேக்கரையும் உரோமரையும் சோடி சோடியாக வைத்து வாழ்க்கை வரலாறு எழுதிய புளூராக்கின் பெயரை எடுத்து வைத்திருக்கிறார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த ஏறத்தாழ 200 புலவர்களின் வாழ்க்கைக் குறிப்பு, ஆங்கிலத்தில், அகரவரிசையில், அவர்களின் பாடல் மாதிரிகளோடு. யாழ்ப்பாணத்தில் ரிப்ளி அன் ஸ்ட்றோங் அச்சகத்தில் பதிப்பித்தது. தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை இப்பிடி ஒரே இடத்தில் வரிசையாகத் தொகுத்த முதல் அச்சுநூல் இதுதான் எண்டு சொல்லலாம்.

இந்தப் புத்தகத்தை வாசிக்க வேணும் எண்டால் 1859 ஐ மனதில் வைத்திருக்க வேணும். உ.வே. சாமிநாதையருக்கு அப்ப 4 வயசு. சி.வை. தாமோதரம்பிள்ளைக்கு 27, அவர் கலித்தொகையை அச்சில் கொண்டுவர இன்னும் 28 வருசம் இருக்கு. புறநானூறு அச்சில் வர 35 வருசம். சங்கப் புலவர்களைப் பற்றி எழுதப் போகிறவருக்குச் சங்க இலக்கியத்தில் பெரும்பகுதி அச்சில் இல்லை. என்ன செய்தார்? திருவள்ளுவமாலையைப் பிடித்தார். குறளைப் புகழ்ந்து ஒவ்வொரு புலவரும் ஒவ்வொரு வெண்பா பாடியதாக வருகிற தொகுப்பு அது. அதில் உள்ள பெயர்களுக்கு ஒவ்வொரு பதிவு போட்டு, அந்த ஒரு வெண்பாவையே மாதிரியாகக் காட்டினார். சில பதிவுகள் இரண்டு மூன்று வரிதான். இருந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் நடந்திருக்கிறார்.

பிழைகள் கனக்க. ஔவையும் வள்ளுவரும் உடன்பிறந்தவர்கள் எண்ட கதை வருகிறது. காலக்கணிப்பு பல இடத்தில் நிற்காது. செவிவழிக் கதைக்கும் ஆதாரத்துக்கும் நடுவில் அவர் எப்போதும் கோடு போடுவதில்லை. 1946 இல் கொழும்பில் மறுபதிப்பு வந்தபோது தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் குறிப்புகள் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஆரை ஆரை உள்ளே விட்டார் எண்டு பாருங்கோ. தலைப்பிலேயே பெண்பாற் புலவர்களும் எண்டு போட்டார். இத்தாலியில் இருந்து வந்த பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், இருக்கிறார். உமறுப்புலவர் இருக்கிறார். தமிழ் எழுதினவர் தமிழ்ப் புலவர். அவரின் கேள்வி அங்கே முடிகிறது. 1886 இல் மானிப்பாயில் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' எண்டு தமிழிலேயே புலவர் வரலாறு கொண்டுவந்தபோது, காசிச்செட்டியின் நூல் அவருக்கு முன்னால் இருந்தது. ஆக எங்களுக்குத் தமிழில் கிடைத்த புலவர் வரலாறு, ஒரு கற்பிட்டிக்காரரின் ஆங்கிலப் புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

அடுத்த வருசம், 1860 இல், காசிச்செட்டி இறந்தார். 53 வயசு. பிற்காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். பகலில் வழக்கு, மிச்ச நேரத்தில் 200 புலவர்.

போன மாசம் நாங்கள் கற்பிட்டிக்குப் போனோம். கோட்டைக்குள் கடற்படை இருக்கிறது. முகாமின் பெயர் 'விஜய'. தம்மென்ன நுவரவைத் தேடின மனுசனின்ரை ஊரில் இந்தப் பெயர். சிரிக்கிறதா எண்டு தெரியாமல் நிண்டம். காசிச்செட்டியைப் பற்றி நாலைந்து பேரிடம் கேட்டோம். அப்பிடி ஒரு பெயரை ஆரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

துறையில் ஒரு ஐயா வலை தெரிந்துகொண்டு இருந்தார். மன்னார்ப் பேச்சு. 90 இல் வந்தவராம், அப்ப அவருக்குப் பதினொரு வயசாம். எங்கட தோழி போய்ப் பக்கத்தில் குந்திவிட்டாள். நண்டு வலைக்கு அடியில் ஈயம், மேலே மிதவை. பின்னேரம் கொண்டுபோய் அடியில் படுக்க வைத்துவிட்டு வந்தால் விடியத்தான் இழுக்கிறது. கால் முறியாமல் கண்ணியில் இருந்து எடுக்கிறதுதான் வேலை. கால் முறிஞ்சால் விலை பாதி. சினை நண்டு வந்தால் திருப்பி விட வேணும். நிலவு காலத்து நண்டில் சதை நிற்காது எண்டார். "எங்கட பக்கத்திலயும் வாப்பாமார் அப்பிடித்தான் சொல்லுறவையோ?" எண்டு அவளைக் கேட்டார். அவளுக்கு வாப்பா இல்லை, அப்பா. அதை அவள் திருத்தவில்லை. ஓம், அப்பிடித்தான் சொல்லுவார் எண்டாள்.

கொப்பி கொண்டு போகாதபடியால் அவர் சொன்னதை போனில் பதிந்தோம், 52 நிமிசம். அதை அப்படியே எழுத்தில் இறக்கிக்கொண்டு இருக்கிறம். வலையின் கண்ணி அளவில் இரண்டு இடம் காற்றில் கேட்கவில்லை; திரும்பப் போய்க் கேட்க வேணும்.